வீட்டுக் கஷ்டத்துக்கு நடுவே ஒரு பதின்வயதுக் காதல்: இளையோர் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடி, புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைப் படித்துப் பேசுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். கொண்டுவருவதும் பெரும்பாலும் ஒரே வகைக் கதை: பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை, வீட்டில் பணக்கஷ்டம், அதற்கு நடுவே ஒரு காதல். கேட்கிற சந்தேகங்களும் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கற்பனைக் கதையைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். 2011, திருப்பூர். ரேவதி பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. அம்மா பனியன் கம்பெனியில் கைமடி, அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து அடுக்கிக் கொடுக்கும் வேலை. ஒரு தம்பி. குடியிருப்பது லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற சின்ன வீடுகளில் ஒன்றில். பிரபு அதே ஊர் ஆண்கள் பள்ளியில் பிளஸ் ஒன்.

"இது சின்னப் பிள்ளைங்க கதையா, பெரியவங்க கதையா?"

பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ளவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்கிற கதை. பெரியவர்களும் படிப்பார்கள், அதில் தடையில்லை. எங்கே நின்று சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. முப்பது வயதில் திரும்பிப் பார்த்து "அப்போது எனக்கு விவரம் பத்தவில்லை" என்று சொன்னால் அது பெரியவர் கதையாகிவிடும். ரேவதிக்கு அப்பா மறுபடி வேலைக்குப் போவாரா என்று தெரியாது. இந்தக் காதல் அடுத்த மாதம் இருக்குமா என்றும் தெரியாது. கதை சொல்கிற குரலுக்கும் அது தெரியக் கூடாது.

எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கதைக்குள் பதினாறு வயதுப் பிள்ளை யோசிக்கவே முடியாத ஞான வாக்கியங்கள் இருந்தால் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பல கதைகள் இந்த ஒரு திருத்தத்திலேயே எழுந்து நின்றுவிடும்.

"எங்க வீட்டுல நடந்ததையே எழுதலாமா? அம்மா படிச்சா சங்கடப்படுவாங்க."

எழுதலாம். முதல் வரைவை யாருக்கும் காட்டாமல் முழுசாக எழுதி முடியுங்கள். அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினால் ஒரு வரிகூட உண்மையாக வராது.

வெளியிடும் முன் மட்டும் நிதானியுங்கள். அம்மா யாரிடமும் சொல்லாத கடன், அக்காவின் நின்றுபோன கல்யாணம், அப்பாவின் நோய் எல்லாம் அவர்களுடைய ரகசியம். ஊரையும் தெருவையும் வேலையையும் மாற்றிவிடலாம். ஆனால் தொகைகளை மாற்றாதீர்கள். நாலாயிரம் குறைந்ததால் பீஸ் கட்ட முடியவில்லை என்றால் நாலாயிரமாகவே இருக்கட்டும். பெரிசாகத் தெரிய வேண்டும் என்று நாலு லட்சம் ஆக்கினால் கதை பொய்யாகிவிடும்.

"கஷ்டம்னா எவ்வளவு வைக்கணும்? அப்பா குடி, அம்மாவுக்குக் கேன்சர், கடன், தங்கச்சிக்கு வலிப்பு... எல்லாமே போடலாமா?"

ஒன்று போதும். ஒரு வேர் இருந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளம்பும். நம் கதையில் வேர் என்ன? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகள் நிறைவேற்றவில்லை, நொய்யல் ஆறு கெட்டுப்போயிருந்தது. தீர்ப்பு நியாயமானது. அதே தீர்ப்பால் ரேவதியின் அப்பாவுக்கு வேலை போனது.

இனி வரிசையாக நடக்கும். முதல் மாதம் அப்பா நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று நம்புகிறார். இரண்டாவது மாதம் வாடகை நிற்கிறது. சாயம் தோயாத துணி தைக்க வராது, அதனால் அம்மாவின் கம்பெனியிலும் வேலை குறைகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் சாயங்காலமானால் வெளியே போக ஆரம்பிக்கிறார். ரேவதி பள்ளி விட்டு வந்து பிசிறு வெட்ட, அதாவது தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டியெடுக்க உட்காருகிறாள். பார்த்தீர்களா, குடி, கடன், வேலை எல்லாமே வந்துவிட்டன. எதையும் நாம் மேலிருந்து கொட்டவில்லை.

"வறுமையை எப்படி எழுதினா வாசகர் அழுவாங்க?"

அழவைக்க எழுதாதீர்கள். கணக்கு எழுதுங்கள். கஷ்டப்படுகிற வீட்டில் பிள்ளைகளுக்குக் கண்ணீரைவிடக் கணக்குதான் அதிகம் தெரியும். தண்டல் எப்படி நடக்கும் தெரியுமா? பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போக எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்குத் தோல்பையோடு ஒருவர் வண்டியில் வந்து லைன் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். அந்த நூறு ரூபாய் இல்லாத காலையில் அம்மா குளியலறைக்குள் போய்விடுகிறாள், "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க" என்று ரேவதி வெளியே வந்து சொல்கிறாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இருவருக்கும் கேட்கிறது. வசூல்காரர் அட்டையில் ஒன்றும் எழுதாமல் மடக்கிக்கொண்டு போகிறார். "வறுமை அவளை வாட்டியது" என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்தக் காலையைக் காட்ட முடியாது.

அப்புறம், மாற்றத்தைப் பிள்ளையின் கண்ணால் கண்டுபிடிக்க விடுங்கள். ஒருநாள் அம்மாவுக்குத் தலை பின்னிவிடும்போது காதோரம் கறுத்திருப்பதைப் பார்க்கிறாள். கம்மல் கவரிங்காக மாறிவிட்டது. தங்கம் அடகுக்குப் போன தேதி யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அதைப் பற்றிக் கேட்காமல் பின்னி முடிக்கட்டும்.

"எந்த வருஷம்னு சொல்லித்தான் ஆகணுமா? பொதுவா வெச்சுக்கலாமே?"

பொதுவாக வைத்தால் கஷ்டமும் பொதுவாகிவிடும். 2011இல் கையில் இருப்பது பட்டன் போன், பத்து ரூபாய் ரீசார்ஜ். பிளஸ் ஒன்னுக்கு அரசுத் தேர்வு கிடையாது, அது 2017-18இல்தான் வந்தது. அந்த ஒரு வருடம் கொஞ்சம் மூச்சு விடுகிற வருடமாக இருந்தது, காதலிக்க நேரமும் இருந்தது. 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் வர ஆரம்பித்தது. அப்போது பிளஸ் டூவுக்குப் போயிருக்கும் ரேவதியின் வீட்டில் அந்த லேப்டாப்பை என்ன செய்வார்கள் என்பதே ஒரு அத்தியாயம்.

2020 என்றால் வேறு கதை. மார்ச்சில் பள்ளி மூடியது, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பியது 2021 ஜனவரியில். வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பா கையில். 2022 செப்டம்பருக்குப் பிறகு என்றால், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2021 மே முதல் பெண்களுக்கு அரசு டவுன் பஸ் இலவசம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்தாள் என்று 2023இல் எழுதினால் திருப்பூர்ப் பெண் ஒருத்தி உடனே புத்தகத்தை மூடிவிடுவாள்.

"காதல் எப்ப ஆரம்பிக்கணும்? முதல் அத்தியாயத்துலயே பார்த்துக்கணுமா?"

எப்போது என்பதைவிட எந்த நேரத்தில் என்று கேளுங்கள். கஷ்டப்படுகிற வீடு ஒரு பிள்ளையிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது நேரத்தைத்தான். பணம் இல்லாததைவிட இதுதான் காதலுக்குப் பெரிய தடை. நான் இந்தப் பக்கத்தில் சொல்ல நினைப்பதில் முக்கியமானதும் இதுதான்.

ரேவதியின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். நல்ல தண்ணி வருகிற நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு வரிசை. ஏழு மணிக்கு வசூல்காரர். தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் போக வேண்டும். நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அம்மா ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து கட்டுக்கட்டாகப் பனியன் கொண்டுவந்து போட்டிருப்பாள். ஒன்பது மணி வரை பிசிறு வெட்டினால்தான் கட்டு முடியும். ஒரு பனியனுக்குப் பைசாக் கணக்கில் கூலி. அதன் பிறகு சமையல், பாடம். இந்த நாளில் பிரபுவுக்கு எங்கே இடம்? பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாப்பு வரை நடக்கிற பதினைந்து நிமிடம். அவ்வளவுதான்.

முழுக் காதலையும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வையுங்கள். ஒருநாள் பஸ் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல், அவள் ஓடுகிறாள். ஒருநாள் பஸ் வரவேயில்லை, அரை மணி நேரம் கிடைக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் பிரபு அவள் கட்டைவிரலைப் பார்க்கிறான். கத்தரி அழுத்தி அழுத்தி நகத்தின் அடியில் காய்த்துப்போயிருக்கிறது. "என்ன இது?" என்கிறான். "ஒண்ணுமில்ல, பிசிறு" என்கிறாள். இந்த நான்கு சொல்லுக்கு வாசகர் நாற்பது பக்கம் காத்திருந்திருப்பார்.

"போன்லயாவது பேசிக்கலாமே?"

2011இல் பேசினால் காசு. மிஸ்டு கால் இலவசம். ஒரு மிஸ்டு கால் என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு என்றால் நாளைக்கு வரமாட்டேன் என்று அவர்களுக்குள் ஒரு பாஷை இருக்கும். போன் அம்மாவுடையது. வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விடுவாள். ராத்திரி எட்டரைக்கு இரண்டு மிஸ்டு கால் வந்து, அந்த நேரத்தில் போன் அப்பா கையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கதை தானாக நகரும்.

"பையன் வசதியான வீட்டுப் பையனா இருந்து கடனை அடைச்சிட்டா நல்ல முடிவா இருக்குமே?"

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வேண்டாம் என்பதுதான் என் பதில். கடனை அடைத்தவனிடம் அந்தப் பெண் இனி எப்படிச் சண்டை போடுவாள்? எப்படி "எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை" என்று சொல்வாள்? அவன் கொடுத்த நாளில் காதல் முடிந்து நன்றி தொடங்கிவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றி மிகப் பெரிய சுமை.

சின்ன அளவில் இதை எழுதிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பஸ் ஸ்டாப்பு பேக்கரியில் பிரபு இரண்டு எக் பப்ஸ் வாங்குகிறான். ஒன்றை நீட்டுகிறான். ரேவதிக்குப் பசி. மத்தியானம் டிபன் பாக்ஸில் இருந்ததில் பாதியைத் தம்பிக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் வாங்கிக்கொண்டால் என்றைக்காவது திருப்பி வாங்கித் தர வேண்டுமே என்று மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. "எனக்கு முட்டை பிடிக்காது" என்று பொய் சொல்கிறாள். மறுநாள் அவன் வெஜ் பப்ஸ் வாங்கி வருகிறான். அவன் நல்லவன், அவளுக்கோ அழுகையே வந்துவிடுகிறது. லட்சக் கணக்கில் கடனை அடைக்கிற காட்சியைவிட இதில்தான் அவர்கள் இரண்டு பேரும் யார் என்று தெரிகிறது.

"அப்போ பையனும் ஏழையா இருக்கணுமா?"

அவனுக்கென்று ஒரு கஷ்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அவளைப் பார்த்துப் பரிதாபப்படும் வேலையை மட்டும்தான் செய்வான். அந்தக் கஷ்டம் அவளுடையதோடு மோதினால் இன்னும் நல்லது.

நம் கதையில் பிரபுவின் தாத்தா நொய்யல் கரை விவசாயி. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவர்கள் தோட்டம். சாயக் கழிவு தேங்கிக் கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, தென்னை காய்ந்து, மாட்டை விற்றுவிட்டுக் குடும்பம் திருப்பூருக்கு வந்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போனது அந்தப் பாசன விவசாயிகள்தான். 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னபோது அவன் தாத்தா கண்ணீர் விட்டுச் சந்தோஷப்பட்டார். அதே நாளில்தான் ரேவதியின் வீட்டில் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டை விட்டுக்கொடுக்க முடியாது. பதினைந்து நிமிடத்தில் இதை எப்படிப் பேசித் தீர்ப்பார்கள்? தீர்க்க வேண்டாம். ஒருநாள் சண்டை வரட்டும். "உங்க தாத்தாவாலதான்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிடட்டும்.

"அப்பாவைக் கெட்டவராக் காட்டினாத்தானே அவ மேல இரக்கம் வரும்?"

அவர் செய்வது கெட்டதாக இருக்கலாம். அம்மாவின் சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு டாஸ்மாக்கிற்குப் போகிறார், அம்மாவை அடிக்கிறார் என்றால் அதை மழுப்பாமல் எழுதுங்கள். வேலை போன வருத்தம் அடிப்பதற்குச் சமாதானம் ஆகாது, அப்படி ஒரு வரியும் கதையில் வேண்டாம். ஆனால் அவரை மிருகமாக்கிவிட்டால் ரேவதியின் உண்மையான வேதனை போய்விடும். அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும், அதுதான் அவளைக் கொல்கிறது.

அவர் கைத்தொழிலைக் காட்டுங்கள். துணியை ஒரு பார்வை பார்த்து இந்த நிறத்தில் நீலம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிடுகிற மனிதர். சின்ன வயதில் மகளுக்கு நிறங்களின் பெயர் சொல்லிக்கொடுத்தவர். நகக்கண்ணில் இன்னும் சாயம் போகவில்லை. வேலை போய் மூன்று மாதம் ஆன பிறகு ஒருநாள் அந்தச் சாயம் முழுசாகப் போயிருப்பதை மகள் கவனிக்கிறாள்.

"படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பற மாதிரி திருப்பம் வைக்கலாமா? அம்மா கெட்டவங்க ஆயிடுவாங்களோ?"

வைக்கலாம், நடந்த விஷயம்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்தார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று பேச்சு. நடுவில் வந்துவிட்டால் அந்தத் தொகை கிடைக்காமல் போன பெண்கள் பலர். விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, போனுக்குக் கட்டுப்பாடு. ஏஜெண்டு வீட்டுக்கே வந்து பேசுவார், பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்.

அம்மா கெட்டவளாக வேண்டியதில்லை. அவளும் கணக்குத்தான் போடுகிறாள். மகள் வெளியே போனால் ஒரு வயிறு குறையும், குடிகார அப்பாவிடமிருந்து பத்திரமாகவும் இருப்பாள், மூன்று வருடத்தில் கையில் பணம் வரும். இந்தக் கணக்கை அம்மா சொல்கிறபோது வாசகரும் ஒரு நிமிடம் சரிதானே என்று நினைக்க வேண்டும். ரேவதி மறுப்பது பிரபுவுக்காக மட்டும் என்றால் கதை சுருங்கிவிடும். பிளஸ் டூவை முடிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கே சொந்தமாக இருக்கட்டும்.

"பேச்சு வழக்கு வேணுமா? கொங்குத் தமிழ் எனக்குச் சரியா வராது."

உரையாடலில் வேண்டும், விவரிப்பில் தேவையில்லை. திருப்பூர் லைன் வீட்டில் கொங்கு மட்டும் கேட்காது. மதுரை, தேனி, புதுக்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ரேவதி குடும்பம் தேனிப் பக்கம் என்றால் அவள் அப்பாவின் அம்மாவை அப்பாயி என்பாள். பிரபு தாத்தாவை அப்பாரு என்பான், பெரியவர்களிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" போடுவான். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பதிலிருந்தே பழக்கம் தொடங்கலாம். சரியாக வராது என்றால் உங்களுக்கு வருகிற ஊருக்குக் கதையை மாற்றுங்கள். சிவகாசியிலும் ஆம்பூரிலும் இதே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"பதினாறு பதினேழு வயசு. முத்தம், அதுக்கு மேல... எதுவரைக்கும் எழுதலாம்?"

பிள்ளைகளின் உடலை வாசகருக்கு விருந்தாக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உள்ளே ஓடுகிற படபடப்பை எழுதுங்கள், பஸ் கூட்டத்தில் தோள் பட்டதை மூன்று நாள் நினைத்துக்கொண்டிருப்பதை எழுதுங்கள். அந்த வயதில் காதலின் பெரும்பகுதி நினைப்புத்தான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், சம்மதம் செல்லாது. 2013க்குப் பிறகு நடக்கிற கதையில் பெண் வீட்டார் புகார் கொடுத்தால் பதினெட்டு முடிந்த பையன் போக்சோ நீதிமன்றத்திலும், முடியாதவன் இளைஞர் நீதிக் குழுமத்திலும் நிற்பான். வருடத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

"ஓடிப்போய்க் கோயில்ல தாலி கட்டிக்கிட்டாங்கன்னு முடிச்சா?"

சினிமாவில் அது முடிவு. இந்தக் கதையில் அது அடுத்த கஷ்டத்தின் தொடக்கம். 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று ஆகாமல் கல்யாணம் செய்துவைப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், ரேவதி ஓடிப்போனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு வசூல்காரருக்கு யார் பதில் சொல்வது? தம்பிக்கு யார் சோறு வைப்பது? அவளைப் பற்றி இதுவரை நீங்கள் எழுதியது உண்மையென்றால் அவளால் போக முடியாது. போக ஆசைப்படுவாள், அந்த ஆசையை எழுதுங்கள்.

"சாதியைப் பத்திப் பேசாமலே காதல் கதை எழுதிட முடியாதா? பிரச்சினை எதுக்கு?"

பேசாமல் எழுதுகிற கதையிலும் சாதி இருக்கும், எழுதியவர் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். லைன் வீட்டுக்கு வாடகைக்குப் போகும்போதே "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். பிரபுவின் தாத்தாவும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார். சாயக் கழிவால் நிலம் இழந்த நல்ல மனிதர் இந்த இடத்தில் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று எழுதத் தைரியம் வேண்டும்.

திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் மாதம், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கர் பேருந்து நிலையத்துக்கு அருகில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். இந்த மண்ணில் காதல் கதை எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. உங்கள் கதையில் கொலை வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் 2011இலேயே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணுக்குத் தெரியும் என்று சொல்கிறேன். அவள் பிரபுவை விட்டு இரண்டடி தள்ளியே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ரெண்டு பேரும் செத்துப்போற மாதிரி முடிச்சா அழுத்தமா இருக்கும்ல?"

இருக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள். இதே கஷ்டத்தில் இருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை உங்கள் கதையைப் படிக்கும். சாவைக் காதலின் நிரூபணமாக நம் கதைகளும் படங்களும் காட்டிக்காட்டி நிறையக் கெடுத்துவிட்டன. கதாபாத்திரத்துக்கு அந்த எண்ணம் வரலாம், வருவது உண்மை. வந்தால் யாரிடமாவது அவள் வாய் திறக்கிற காட்சியும் வர வேண்டும். செய்முறையை விவரிக்கவே கூடாது.

இதை எழுதும்போதே மனசு கனக்கிறவர்கள் உண்டு. எழுத்தை வைத்துவிட்டு முதலில் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், இலவசம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

"டீச்சரோ அரசுத் திட்டமோ வந்து உதவினா பிரச்சாரம் ஆயிடாதா?"

தேவதைபோல் வந்து உதவினால் ஆகிவிடும். நிஜத்தில் உதவி ஒரு விண்ணப்பப் படிவமாகத்தான் வரும். வருமானச் சான்றுக்கு அப்பா கையெழுத்து வேண்டும், அப்பா நிதானத்தில் இல்லை, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நாளைக்கு வா என்கிறார்கள். டீச்சர் செய்கிற பெரிய உதவி, ஒருநாள் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்காமல் உள்ளே விடுவதாக இருக்கலாம். அப்படி எழுதினால் யாரும் பிரச்சாரம் என்று சொல்லமாட்டார்கள்.

"அப்போ எப்படித்தான் முடிக்கறது? எல்லாத்தையும் வேண்டாம்ங்கறீங்க."

ஒரு பிரச்சினை ஓரளவு நகர்ந்திருக்க வேண்டும், எல்லாம் தீர்ந்திருக்கக் கூடாது. நம் கதையில் தண்டலின் நூறாவது நாள் வருகிறது. அட்டையில் கடைசிக் கட்டம் நிரம்புகிறது. அப்பா இன்னும் முழுசாகத் திருந்தவில்லை, தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட் கிடைத்திருக்கிறது. பிரபுவின் குடும்பம் வேறு ஊருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். காதல் கைகூடியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அது அவளுக்கு எதையாவது தந்திருக்க வேண்டும். முதல் முறையாக அவளே காசு போட்டு இரண்டு பப்ஸ் வாங்கலாம். பேக்கரியில் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது கதையை நிறுத்தினாலும் எனக்குச் சம்மதம்.

"நான் இந்தக் கஷ்டம் எதையும் பட்டதில்லை. வசதியான வீடு. நான் எழுதலாமா?"

எழுதலாம், கூடுதல் வேலை இருக்கிறது. பிசிறு வெட்டுகிற ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் முழுக்க அனுமதி கேட்டு உட்காருங்கள். சும்மா உட்காராமல் நீங்களும் ஒரு கட்டு வெட்டுங்கள். "எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்காதீர்கள், யாரும் பதில் சொல்லமாட்டார்கள். "இந்த வாரம் சனிக்கிழமைச் சம்பளம் வந்ததும் முதலில் யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். அங்கே சிரிப்பும் சண்டையும் சீரியல் கதையும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், முழு நாளும் அழுதுகொண்டிருக்கிற வீடு எங்கேயும் கிடையாது.

எழுதிய பிறகு அந்த வாழ்க்கையை வாழ்கிற ஒரு பிளஸ் டூ பிள்ளையிடம் முதலில் படிக்கக் கொடுங்கள். எங்கே பொய்யாக இருக்கிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட இடத்தில் விவாதிக்காமல் திருத்துங்கள்.